கடுக்காயின் டானின்கள்: தனித்தெடுப்பதும் இனங்காண்பதும்

ஒரு செடியில் டானின் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. இருக்கும் டானின் எது என்பது முற்றிலும் வேறொரு கேள்வி. முதல் கேள்விக்கு ஒரு சோதனைக்குழாயும் சில துளி ஃபெரிக் குளோரைடும் போதும் என்று பலரும் எண்ணுகிறார்கள். தாவர வேதியியல் ஆய்வேடுகளில் இலை, பூ, பட்டை, காய் என்று வரிசையாக எழுதி, எதிரே ஒன்று, இரண்டு, மூன்று எனக் கூட்டல் குறிகளை இட்டு நிரப்பும் அட்டவணைகள் பெரும்பாலும் இந்த எண்ணத்திலிருந்து பிறந்தவையே. இரண்டாவது கேள்விக்கு விடை காண்பதற்கோ பொறுமையும், பல கட்டப் பிரிகையும், இரண்டு மூன்று வகை நிறமாலைகளும் வேண்டும். அந்த இரண்டாவது வேலை எப்படி நடக்கிறது என்பதை, நாட்டு மருந்துக் கடையில் எளிதில் கிடைக்கும் கடுக்காயை முன்வைத்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

டானின் என்பது ஒரே ஒரு சேர்மத்தின் பெயர் அன்று. ஒரு பெருங்கூட்டத்துக்கு, அதன் செயலை வைத்து இடப்பட்ட பொதுப்பெயர் அது. பேட்-ஸ்மித், ஸ்வெய்ன் என்ற இரு ஆய்வாளர்கள் 1962-இல் கொடுத்த வரையறை இன்றும் பாடநூல்களில் நிற்கிறது: நீரில் கரையக்கூடிய, ஏறத்தாழ 500 முதல் 3000 வரை மூலக்கூறு நிறை கொண்ட, ஜெலட்டின் போன்ற புரதங்களையும் ஆல்கலாய்டுகளையும் கரைசலிலிருந்து வீழ்படிவாக்கும் ஃபீனால் சேர்மங்கள் டானின்கள் ஆகும். கடுக்காயைக் கடித்ததும் நாக்கு இழுப்பதும், வாழைப்பூவை நறுக்கி மோரில் போடாவிட்டால் அது துவர்ப்பதும் இந்தப் புரதப் பிணைப்பின் விளைவுகளே. உமிழ்நீரில் இருக்கும் புரதங்களோடு டானின் ஒட்டிக்கொள்ள, வாயின் வழவழப்பு போய்விடுகிறது. தோல் பதனிடும் தொட்டியில் விலங்குத் தோலின் கொலாஜன் புரதத்தோடு நிகழ்வதும் ஏறக்குறைய இதுவே.

வரையறையில் உள்ள இந்த ஒட்டும் குணம்தான் டானினைத் தனித்தெடுப்பவருக்கு வரும் தொல்லைகளில் பெரும்பாலானவற்றுக்கும் காரணம். எதை வைத்து ஒரு பொருளை டானின் என்கிறோமோ, அந்தக் குணமே அதைச் செடியின் புரதத்தோடும், வடிதாளோடும், பிரிகைக் குழாயில் நிரப்பிய பொருளோடும் சேர்த்துக் கட்டிவிடுகிறது. இனி வரும் ஒவ்வொரு படியும் இந்தப் பிணைப்பை எப்போது அவிழ்ப்பது, எப்போது பயன்படுத்திக்கொள்வது என்பதைச் சுற்றியே அமைந்திருக்கிறது.

அதற்கு முன் வகைகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஜெர்மானிய வேதியியலாளர் கார்ல் ஃப்ராய்டன்பெர்க் 1920-இல் டானின்களை இரண்டாகப் பிரித்தார். ஒரு வகை, நீராற்பகுப்படையும் டானின்கள். இவற்றின் நடுவில் பெரும்பாலும் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு இருக்கும். அதன் ஹைட்ராக்சில் தொகுதிகளில் கேலிக் அமிலம் எஸ்டர் பிணைப்பால் கோக்கப்பட்டிருக்கும். இப்படிக் கோத்த கேலிக் அமிலப் பகுதியைக் கேலாயில் தொகுதி என்பார்கள். நெருங்கி அமர்ந்த இரண்டு கேலாயில் தொகுதிகள் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களை இழந்து தம்முள் ஒரு கார்பன்-கார்பன் பிணைப்பால் இணைந்துவிட்டால், ஹெக்ஸாஹைட்ராக்சிடைஃபினாயில் என்ற நீண்ட பெயருடைய இரட்டைத் தொகுதி உருவாகும். இனி அதை இரட்டைத் தொகுதி என்றே குறிப்பிடுவோம். அமிலத்தில் கொதிக்க வைத்தால் இந்த இரட்டைத் தொகுதி குளுக்கோஸை விட்டு விலகி, தானே வளையமாகி, எல்லாஜிக் அமிலமாகப் படியும். ஆகவே இத்தகைய டானின்களுக்கு எல்லாஜிடானின்கள் என்று பெயர். கேலிக் அமிலம் மட்டும் உடையவை கேலோடானின்கள். மற்றொரு வகை, செறிவுற்ற டானின்கள். இவற்றில் சர்க்கரை நடுப்பகுதி கிடையாது. கேட்டச்சின் போன்ற ஃபிளாவனால் அலகுகள் ஒன்றோடொன்று கார்பன் பிணைப்பால் தொடுத்த சங்கிலிகள் இவை. செறிவுற்ற டானின்கள் பெரணிகளிலும் பைன் போன்ற மரங்களிலும்கூடக் காணப்படுகின்றன. எல்லாஜிடானின்களோ பூக்கும் தாவரங்களுக்குள், குறிப்பாக இருவிதையிலைத் தாவரங்களின் சில கிளைகளில்தான் மிகுதி: மாதுளை, நாவல், கொய்யா, கடுக்காய், ரோஜா, ஓக் ஆகியவற்றின் சுற்றங்கள் அவற்றுள் அடங்கும்.

கடுக்காயைத் தேர்ந்ததற்குக் காரணம், உலர்ந்த சதையில் டானின் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வரை இருக்கக்கூடும் என்பதே. தொடக்கநிலையாளருக்கு இதைவிடத் தாராளமான பொருள் அமைவது அரிது. கொட்டையை உடைத்து நீக்கிவிட்டுச் சதையை மட்டும் எடுக்க வேண்டும். சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு என்று வைத்தியர்கள் சொல்லி வந்த வழக்கம் வேறு காரணத்துக்காக ஏற்பட்டிருந்தாலும், டானின் தேடுபவருக்கும் அது பொருந்துகிறது, ஏனெனில் தேடும் பொருள் சதையில்தான் செறிந்திருக்கிறது. பச்சை இலையையோ பூவையோ எடுத்துக்கொள்பவர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். செல்லின் நுண்குமிழிக்குள் அடைபட்டிருக்கும் டானின், இலையை அரைத்த கணமே புரதங்களோடும் ஆக்சிஜனேற்ற நொதிகளோடும் கலந்துவிடும். அதனால் பறித்தவுடன் உறையவைத்து உலர்த்துவதே சிறந்தது. அந்த வசதி இல்லாத இடத்தில் நிழலில், குறைந்த வெப்பத்தில் உலர்த்தலாம். வெயிலில் காயப்போட்ட இலையும், 80 பாகையில் அடுப்பில் வைத்து உலர்த்திய இலையும் தொடக்கத்திலேயே வேறு பொருளாகிவிட்டவை.

அடுத்தது கரைப்பான். வீட்டில் கஷாயம் வைப்பதுபோல நீரில் கொதிக்க வைப்பதுதான் முதலில் தோன்றும் வழி; அதைத் தவிர்க்க வேண்டும். எஸ்டர் பிணைப்புகள் கொதிநீரில் மெல்ல உடையும். ஜப்பானில் வயிற்றுப்போக்குக்குப் பயன்படும் ஜெரேனியம் செடியிலிருந்து தக்குவோ ஒக்குடாவின் குழு பிரித்த ஜெரானின் என்ற எல்லாஜிடானின் இதற்கு நல்ல சான்று: நீரில் காய்ச்சும்போது அது சிதைந்து கொரிலாஜினையும் எல்லாஜிக் அமிலத்தையும் தருகிறது. கஷாயத்தை ஆராய்ந்தவர் கொரிலாஜினைக் கண்டுபிடித்துவிட்டு, செடியில் இருந்தது அதுவே என்று எழுதிவிடக்கூடும். மெத்தனால் நல்ல கரைப்பான்தான், ஆனால் அதுவும் சில கேலாயில் பிணைப்புகளை வெட்டி மெத்தில் கேலேட்டை உருவாக்கும். செடியில் இல்லாத பொருள் பட்டியலில் ஏறிவிடும். பெரும்பாலோர் கைக்கொள்வது அசிட்டோனும் நீரும் ஏழுக்கு மூன்று என்ற விகிதத்தில் கலந்த கரைசல். அசிட்டோன் டானினுக்கும் புரதத்துக்கும் இடையிலுள்ள ஹைட்ரஜன் பிணைப்புகளைத் தளர்த்திவிடுவதால், வேறு கரைப்பானில் வராமல் சக்கையோடு தங்கிவிடும் டானினும் வெளியே வருகிறது. 100 கிராம் கடுக்காய்ப் பொடிக்கு ஒரு லிட்டர் கரைசல் ஊற்றி, அறை வெப்பத்தில், ஒளி படாமல் கலக்கி, வடிகட்டி, சக்கையை மீண்டும் ஓரிரு முறை அதேபோல் ஊறவைத்தால் போதும். சிறிது அஸ்கார்பிக் அமிலம், அதாவது வைட்டமின் சி, சேர்ப்பவர்கள் உண்டு. அது ஆக்சிஜனேற்றத்தைத் தானே ஏற்றுக்கொண்டு டானினைக் காக்கும். இலையாக இருந்தால் பச்சையத்தையும் மெழுகையும் நீக்க முதலில் பெட்ரோலிய ஈதரால் அலச வேண்டும். கடுக்காய்க்கு அது அவ்வளவு தேவைப்படாது.

வடிநீரிலிருந்து அசிட்டோனை, அழுத்தம் குறைத்த சுழல் ஆவியாக்கியில், 40 பாகைக்கு மேற்படாமல் நீக்கிவிட்டால் பழுப்பு நிறத்தில் நீர்க்கரைசல் எஞ்சும். டானின் இதில் இருக்கிறதா என்று பார்க்க நம்பத்தக்க சோதனை ஜெலட்டினும் உப்பும் சேர்ந்ததே. 1 சதவீத ஜெலட்டினும் 10 சதவீத சோடியம் குளோரைடும் கலந்த கரைசலைச் சில துளிகள் விட்டவுடன் தெளிந்த திரவம் வெண்மையாகக் கலங்கும். சற்று நேரத்தில் அந்தக் கலக்கம் திரண்டு, குழாயின் அடியில் பழுப்புத் துகள்களாக இறங்கும். ஃபெரிக் குளோரைடு கருநீல நிறம் தந்தால் கேலிக் வகை என்றும், கரும்பச்சை தந்தால் செறிவுற்ற வகை என்றும் சொல்லப்படுவது ஓரளவு உண்மையே. ஆனால் கேலிக் அமிலம் தனியாக இருந்தாலும் இதே நீலம் தோன்றும், கேலிக் அமிலம் டானின் ஆகாது. தொடக்கத்தில் குறிப்பிட்ட கூட்டல் குறிகளின் குறை இதுதான்: அவை ஃபீனால் இருப்பதைக் காட்டுகின்றன, அதைத் தாண்டி எதுவும் சொல்வதில்லை.

பிரிகையின் முதல் படி பிரிபுனலில் நடக்கிறது. நீர்க்கரைசலுடன் எத்தில் அசிட்டேட்டைச் சேர்த்துக் குலுக்கி, அடுக்குகள் பிரிந்த பின், கேலிக் அமிலம் போன்ற சிறு ஃபீனால்களும் சிறிய டானின்கள் சிலவும் மேல் அடுக்குக்குப் போகும். பெரிய டானின்களும் சர்க்கரைகளும் நீரில் தங்கும். இங்கே எல்லை கூர்மையானது அன்று. கடுக்காயின் முக்கியமான சேர்மங்கள் சில இரண்டு அடுக்கிலும் கிடைக்கும் என்பதால், எந்த அடுக்கையும் அவசரப்பட்டுக் கொட்டிவிடக் கூடாது.

அடுத்த படிதான் வேலையின் உயிர்நாடி. சிறு சேர்மங்களைப் பிரிக்க வழக்கமாகப் பயன்படும் சிலிக்கா ஜெல்லில் டானின் இறுகப் பற்றிக்கொண்டு வால் நீட்டி நிற்கும். போட்டதில் பாதி திரும்பி வராமலும் போகலாம். ஆகவே செஃபடெக்ஸ் எல்ஹெச்-20 என்ற, டெக்ஸ்ட்ரான் சர்க்கரையிலிருந்து செய்த மென்மணிகளைக் கண்ணாடிக் குழாயில் நிரப்புகிறார்கள். இந்த மணிகளும் டானினைப் பற்றுகின்றன; ஆனால் வேண்டும்போது விட்டுவிடுகின்றன. ஃபீனால் தொகுதிகள் எத்தனை உண்டோ அத்தனைக்கு ஏற்ப பிடிப்பும் வலுக்கும். நீர் கலந்த ஆல்கஹாலை ஊற்றும்போது முதலில் சர்க்கரைகளும், பின்னர் கேலிக் அமிலம் போன்ற சிறியவையும் இறங்கும்; ஆல்கஹாலின் அளவைக் கூட்டக் கூட்டச் சிறிய டானின்கள் வரும்; கடைசியில் 70 சதவீத அசிட்டோனை ஊற்றினால், அதுவரை மேலே அசையாமல் நின்ற பழுப்புப் பட்டை திடீரென்று இளகிக் கீழே நகரத் தொடங்கும். குழாயை வெறுங்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாலே இந்த மாற்றம் புலப்படும். எங்கே அந்தப் பிணைப்பு தொல்லை கொடுத்ததோ, அதே பிணைப்பை இங்கே அளவோடு அவிழ்ப்பதுதான் பிரிகையின் நுட்பம். ஜப்பானிய ஆய்வகங்கள் டயாயான், டோயோபேர்ல் போன்ற வேறு பிசின்களையும் அடுத்தடுத்துப் பயன்படுத்தி, நூற்றுக்கணக்கான டானின்களை இவ்வாறு தனித்தனியாக எடுத்திருக்கின்றன.

குழாயிலிருந்து சொட்டுவதைச் சிறு சிறு குப்பிகளில் பிடித்து, ஒவ்வொன்றையும் மெல்லேட்டு வண்ணப்பிரிகையில் ஓட்டி, ஃபெரிக் குளோரைடைத் தெளித்துப் பார்த்து, ஒரே மாதிரிப் புள்ளி காட்டுபவற்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பிறகு அந்தச் சேர்க்கையைச் சிறிது அமிலம் கலந்த நீரும் அசிட்டோநைட்ரைலும் ஓடும் எச்பிஎல்சி (உயர்திறன் நீர்ம வண்ணப்பிரிகை) கருவியில் செலுத்தி, வரைபடத்தில் ஒற்றை உச்சமாக வருகிறதா என்று சரிபார்க்க வேண்டும். அமிலம் சேர்க்காவிட்டால் உச்சங்கள் அகன்று படர்ந்துவிடும்.

ஆனால் ஒற்றை உச்சம் வந்தால் ஒற்றைச் சேர்மம், இரண்டு வந்தால் கலவை என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவு செய்ய முடியாது. மாதுளையின் தோலில் மிகுந்திருக்கும் புனிகலாஜின் எப்போதும் இரண்டு உச்சங்களாகவே வரும். ஒன்றைத் தனியே பிடித்து வைத்திருந்து மீண்டும் செலுத்தினால், சில மணி நேரத்தில் அதுவும் இரண்டாகிவிட்டிருக்கும். அதன் குளுக்கோஸின் முதலாம் கார்பனில் எதுவும் கோக்கப்படாததால், ஆல்ஃபா, பீட்டா என்ற இரண்டு வடிவங்களுக்கு இடையில் அது ஓயாமல் மாறிக்கொண்டிருக்கிறது. கடுக்காயின் முக்கியமான டானின்கள் சிலவற்றில் அந்த இடம் கேலாயில் தொகுதியால் அடைபட்டிருப்பதால் இச்சிக்கல் எழுவதில்லை.

இப்போது கையில் தூய பொருள் இருக்கிறது என்று கொள்வோம். அது எது என்று கண்டறிய வேண்டும். மிகப் பழைய வழி, உடைத்துப் பார்ப்பது. சில மில்லிகிராமை நீர்த்த அமிலத்தில் சூடாக்கினால் உறுப்புகள் பிரிந்துவிடும். கரைசலில் கேலிக் அமிலமும் குளுக்கோஸும் இருக்கும்; எல்லாஜிடானினாக இருந்தால், குளிரும்போது நீரில் கரையாத எல்லாஜிக் அமிலம் வெளிர்மஞ்சள் படிவாக அடியில் தங்கும். கடுக்காய் ஊறலில் பதனிட்ட தோலின்மேல் மங்கலான மாவு பூத்தாற்போல் தோன்றும் படலமும் இந்த எல்லாஜிக் அமிலமே. கடுக்காயின் டானின்களில் காணப்படும் இன்னோர் உறுப்பு சிபுலிக் அமிலம். உடைந்த கலவையில் அது தென்பட்டால், தேடல் பெரிதும் சுருங்கிவிடும்.

உறுப்புகள் தெரிந்தால், எத்தனை எத்தனை என்று நிறை நிறமாலைமானி சொல்லிவிடும். இந்தக் கணக்கைத் தாளிலேயே போட்டுப் பார்க்கலாம். குளுக்கோஸின் மூலக்கூறு நிறை 180, கேலிக் அமிலத்துடையது 170, சிபுலிக் அமிலத்துடையது 356. ஒவ்வொரு எஸ்டர் பிணைப்பும் உருவாகும்போது ஒரு நீர் மூலக்கூறு, அதாவது 18, வெளியேறும். குளுக்கோஸின் ஐந்து இடங்களில், மூன்றில் மூன்று கேலிக் அமிலங்களும், மீதி இரண்டில் இரு கைகளாலும் பற்றிய ஒரே சிபுலிக் அமிலமும் கோக்கப்பட்டால், 180 உடன் 510-ஐயும் 356-ஐயும் கூட்டி, ஐந்து நீருக்கான 90-ஐக் கழிக்க வேண்டும், விடை 956. கடுக்காயின் சிபுலினிக் அமிலத்தின் நிறை சரியாக இதுவே. எதிர்மின் அயனி முறையில் ஒரு புரோட்டானை இழந்து 955-இல் கோடு விழும். அதன் அருகிலேயே 953-இல் இன்னொரு கோடு தெரிந்தால், இரண்டு ஹைட்ரஜன் குறைந்திருக்கிறது என்று பொருள். அதாவது இரண்டு கேலாயில் தொகுதிகள் இணைந்து இரட்டைத் தொகுதியாகியிருக்கின்றன. அதுதான் சிபுலாஜிக் அமிலம், நிறை 954. இரண்டே அலகு வேறுபாட்டில் ஒன்று எல்லாஜிக் அமிலம் தரும், மற்றொன்று தராது. இந்தக் கோடுகளை மேலும் சிதைத்துப் பார்த்தால், கேலிக் அமிலம் ஒன்று கழன்றதற்கு 170 குறைவும், எல்லாஜிக் அமிலத்தின் அடையாளமாக 301-இல் ஒரு கோடும் கிடைக்கும்.

பல ஆய்வுக் கட்டுரைகள் இந்த இடத்தில் நின்றுவிடுகின்றன. நிறை பொருந்தியது, ஆகவே பெயரும் பொருந்தியது என்று அட்டவணையில் ஏற்றிவிடுகிறார்கள். என் கருத்தில் இதை இனங்காணல் என்று சொல்வது மிகை. உத்தேசப் பெயர் என்று குறிப்பதே நேர்மையாகும். காரணம் எளிது. கடுக்காயிலும் நெல்லியிலும் காணப்படும் கொரிலாஜினின் நிறை 634. தேயிலையில் இருக்கும் ஸ்டிரிக்டினினின் நிறையும் 634. இரண்டிலும் ஒரு குளுக்கோஸ், முதலாம் இடத்தில் ஒரு கேலாயில், வேறு இரண்டு இடங்களை இணைக்கும் ஓர் இரட்டைத் தொகுதி. கொரிலாஜினில் அந்தப் பாலம் மூன்றாம், ஆறாம் இடங்களுக்கு இடையில் இருக்கிறது; ஸ்டிரிக்டினினில் நான்காம், ஆறாம் இடங்களுக்கு இடையில். நிறைமானி இரண்டுக்கும் 633 என்றே கோடு போடும். உடைத்தாலும் அதே கேலிக் அமிலம், அதே எல்லாஜிக் அமிலம்.

இடத்தைச் சொல்வது அணுக்கரு காந்த ஒத்ததிர்வு, அதாவது என்எம்ஆர்: காந்தப்புலத்தில் வைத்த அணுக்கருக்கள் தரும் சைகைகளைக் கோடுகளாகப் பதியும் முறை. புரோட்டான் நிறமாலையில் டானின்கள் வியக்கத்தக்க அளவு எளிமையான முகம் காட்டுகின்றன. ஒவ்வொரு கேலாயில் தொகுதியிலும் ஒத்த இரண்டு ஹைட்ரஜன்கள் மட்டுமே வளையத்தில் இருப்பதால், அது நிறமாலையின் பிபிஎம் அளவுகோலில் 7-க்கு அருகில் இரண்டு ஹைட்ரஜன் அளவுடைய ஒற்றைக் கோடாக நிற்கும். அத்தகைய கோடுகளை எண்ணினாலே கேலாயில் எத்தனை என்று தெரிந்துவிடும். இரட்டைத் தொகுதி சற்றுச் சிறிய எண்களில், 6.3 முதல் 6.8 வரையிலான பகுதியில், ஒவ்வொரு ஹைட்ரஜன் அளவில் இரண்டு தனிக் கோடுகளாக வரும். சர்க்கரையின் ஹைட்ரஜன்களில், எஸ்டர் கோத்த கார்பன்மேல் இருப்பவை மட்டும் இடம்பெயர்ந்து பெரிய எண்களுக்கு நகர்ந்திருக்கும். ஆக, எந்த இடங்களில் அமிலம் உட்கார்ந்திருக்கிறது என்று படிக்கலாம். கொரிலாஜினின் பாலம் குறுக்கே இழுப்பதால் அதன் குளுக்கோஸ் வளையம் வழக்கமான நாற்காலி வடிவத்திலிருந்து தலைகீழாகப் புரண்டுவிடுகிறது. முதலாம் ஹைட்ரஜனின் கோடு அதனால் பிளவின்றி அகன்ற ஒற்றைக் கோடுபோல் தோன்றும். ஸ்டிரிக்டினினில் வளையம் புரளவில்லை. அதே ஹைட்ரஜன் ஏறத்தாழ 8 ஹெர்ட்ஸ் இடைவெளியுடன் தெளிவாக இரண்டாகப் பிளந்து நிற்கும். நிறையால் பிரிக்க முடியாத இரண்டு பொருள்கள் இந்த ஒரு கோட்டால் பிரிந்துவிடுகின்றன. எந்தக் கேலாயில் எந்தக் கார்பனில் இருக்கிறது என்ற மிச்ச ஐயத்தை, ஹைட்ரஜனையும் இரண்டு மூன்று பிணைப்புத் தொலைவிலுள்ள கார்பனையும் இணைத்துக் காட்டும் இருபரிமாண நிறமாலை தீர்த்துவைக்கும்.

செறிவுற்ற டானின்களுக்கு இந்த வழி பாதி தூரம்தான் செல்லும். தமிழ்நாட்டுத் தோல் தொழிலில் நெடுங்காலம் புழங்கிய ஆவாரம்பட்டையும், நீலகிரியில் நடப்பட்ட வாட்டில் மரத்தின் பட்டையும் இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றைப் பிழிந்தால் இரண்டு அலகு, மூன்று அலகு, பத்து அலகு என்று நீளம் மாறும் சங்கிலிகளின் திரள்தான் வரும். மால்டி வகை (லேசர் ஒளியால் மூலக்கூறுகளை அயனியாக்கும்) நிறைமானியில் கோடுகள் ஒரே சீரான இடைவெளியில் படிக்கட்டுபோல் ஏறும். இடைவெளி 288 என்றால் கேட்டச்சின் அலகு என்று எழுதுவது வழக்கம். ஆனால் வாட்டில் பட்டையில் மிகுந்த ரொபினெடினிடால் அலகின் இடைவெளியும் 288-தான். அமிலமும் பியூட்டனாலும் சேர்த்துச் சூடாக்கினால் சங்கிலி அறுந்து சிவப்புச் சாயம் பிறக்கும். 550 நானோமீட்டரில் அதை அளக்கலாம். வாட்டில் சங்கிலியின் பிணைப்புகளோ எளிதில் அறுவதில்லை என்பதால் சிவப்பு குறைவாகவே தோன்றும். அதைக் கண்டு டானின் குறைவு என்று எழுதினால் பிழையாகிவிடும். ஃபுளோரோகுளுசினால் முன்னிலையில் சங்கிலியை அறுத்து, கடைசி அலகையும் இடை அலகுகளையும் வேறுபடுத்தி எண்ணும் முறை ஒன்று உண்டு. அதிலிருந்து கிடைப்பது சராசரி நீளமும், எந்த அலகு எவ்வளவு என்ற விகிதமுமே. இரண்டு மூன்று அலகுகள் கொண்ட குறுஞ்சங்கிலிகளைத் தனித்தெடுத்து முழுப்பெயர் தரலாம். அதற்கு மேல் நீண்டவற்றுக்குப் பெயர் எழுதும் இடத்தில் ஒரு சராசரியையும் ஒரு வீச்சையும் எழுதுவதே முறை.